பாக்கெட்டில் ஒரு பாக்கி

உங்கள் வீட்டு சீலிங் ஃபேனை கடைசியாக எப்போது நிமிர்ந்து பார்த்தீர்கள்? ஓடுகிறதா, இல்லையா என்று பார்ப்பதைச் சொல்லவில்லை. அது எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது என்று பார்ப்பதைச் சொல்கிறேன்.

பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் நாற்பத்தாறு வயது வரை பார்த்ததில்லை. தலைக்கு மேலே கிலோ கணக்கில் இரும்பு சுற்றிக்கொண்டிருக்க, அதற்கு நேர் கீழே பாயை விரித்துப் போட்டு, 'அப்பாடா, என்ன காத்து!' என்று கண்ணை மூடுகிற பரம்பரை நாம். எனக்கு அந்த நிம்மதி போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

திருச்சி உறையூரில் எங்கள் வீட்டை விற்றோம். அப்பா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மாவைத் தனியாக விட மனசில்லை. சென்னைக்கு என்னோடு வருவதாக ஏற்பாடு. சாமான்களைப் பிரிக்கும் படலம் நடந்தது. தங்கை கிரைண்டரையும் பித்தளை அண்டாவையும் எடுத்துக்கொண்டாள். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். அம்மா வாயைத் திறக்கவில்லை. விரலை மட்டும் மேலே காட்டினாள்.

ஃபேன்.

1974-ல் கல்யாணமான கையோடு அப்பா வாங்கியது. 48 இன்ச். கல்கத்தா தயாரிப்பு. அந்தக் காலத்து ஃபேன்களில் பல அங்கிருந்து வந்தவைதான். க்ரீம் கலர், கனத்த தகட்டில் மூன்று இறக்கை, வார்ப்பு இரும்பில் வயிறு. சுவரில் டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு கறுப்பு ரெகுலேட்டர். அதில் ஐந்து நம்பர் உண்டு. எங்களுக்கு அனுமதி மூன்றாம் நம்பர் வரைதான். கத்திரி வெயிலில் நான்கு. ஐந்தாம் நம்பர் சம்பந்தி வீட்டார் வந்தால் மட்டும்!

காயலான் கடைக்காரர் ஃபேனைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அறுநூறு ரூபா தரேன். உள்ள காப்பர் இருக்கு" என்றார். நான் பி.காம். என் பாடத்தில் தேய்மானத்தைக் கணக்கிட இரண்டு முறை உண்டு. நேர்கோட்டு முறையில் ஒரு பொருளின் மதிப்பு அதன் ஆயுள் முடிகிறபோது பூஜ்யமாகிவிடும். குறைந்து செல் மதிப்பு முறையில் வருஷாவருஷம் மிச்சத்தில்தான் பத்து சதவிகிதம் கழிப்பார்கள். அதனால் எத்தனை வருஷம் ஆனாலும் கொஞ்சம் பாக்கி இருந்துகொண்டேயிருக்கும். நான் முதல் கட்சி. அம்மா இரண்டாவது. ஃபேன் சாக்கு மூட்டைக்குள் போய், லாரி ஏறி சென்னை வந்தது.

வந்து, பால்கனியில் கிடந்தது. அம்மாவின் அறையில் ஏ.சி. போட்டிருந்தேன். சத்தமே இல்லாத புது ஃபேன் ஒன்றும் மாட்டியிருந்தேன். இதற்கு மேல் ஒரு பிள்ளை என்ன செய்ய முடியும் என்று எனக்கே என் மேல் பெருமை.

ஒருநாள் ராத்திரி இரண்டரை மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் லைட்டைப் போட்டுக்கொண்டு அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது வருகிற பாக்கெட் அரிசியில் கல்லே கிடையாது.

"என்னம்மா இது, இந்த நேரத்துல?"

"தூக்கம் வரலடா. சத்தமே இல்லாம எப்படித் தூங்குறது? ரூம்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

வந்த நாளிலிருந்து அப்படித்தான் என்பது அப்புறம் தெரிந்தது. மூன்று மாதம்! டாக்டர் கொடுத்த அரை மாத்திரையும் கேட்கவில்லையாம். என்னிடம் சொன்னால் நான் வருத்தப்படுவேனாம்.

மறுநாளே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சாக்கைப் பிரித்துப் பார்த்தவர், "சார், மியூசியத்துல குடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரோஷம் வந்துவிட்டது. நானே செய்வது என்று முடிவெடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

முதல் ஞாயிறு, எங்கள் ஏரியாவில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன். மெக்கர் என்று ஒரு கருவியை வைத்து, காயிலில் ஓடுகிற கரன்ட் பாடிக்குக் கசிகிறதா என்று பார்த்தார். பழைய ஃபேனில் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். நாம் வேலை செய்வது பெயின்ட்டில் இல்லை சார், 230 வோல்ட்டில்.

"காயில் ஒரிஜினல். சூப்பரா இருக்கு. அதுல கை வெக்காதீங்க" என்றார் பாய். "ஒயரை மட்டும் மாத்திடுவோம்." துணி சுற்றிய பழைய ஒயர், தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதோடு அந்தக் காலத்து ஃபேன்கள் பலவற்றில் எர்த் கிடையாது. புதிதாக மூன்று ஒயர் போட்டோம்.

எனக்கு அன்றுதான் தெரிந்த ஒரு விஷயம். சாதாரண மோட்டாரில் வெளிக்கூடு சும்மா இருக்கும், நடுத்தண்டு சுற்றும். சீலிங் ஃபேனில் தலைகீழ். காயிலும் தண்டும் அசையாமல் நிற்க, நாம் பார்க்கிற வெளிக்கூடுதான் சுற்றுகிறது. அந்தக் கூட்டையும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பவை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பால் பேரிங். இந்திய ஃபேன்களில் பெரும்பாலும் 6202, 6201 என்ற நம்பர்கள். கரகர சத்தம் வந்தால் சந்தேகப்பட வேண்டியது இந்த ஜோடியை. நம்மில் பலர் அதற்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுவோம். செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸையும் அது கரைத்துக்கொண்டு வந்துவிடும். கொஞ்ச நாளில் பிசுக்கு ஏறிப் பிடித்துக்கொள்ளும்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? முதல் குற்றவாளி கெபாசிட்டர். உள்ளே இரண்டு சுற்று காயில்கள் இருக்கின்றன. ஒன்றில் ஓடும் கரன்ட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டு, ஃபேனைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. அது சோர்ந்துவிட்டால் ஃபேனும் சோர்ந்துவிடும். விலை சில பத்து ரூபாய்தான். ஆனால், பழையதில் என்ன நம்பர் போட்டிருக்கிறதோ, அதே நம்பர்தான் வாங்க வேண்டும். 'பெரிசா போட்டா வேகமா சுத்தும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காயில் சூடாகிக் கருகும்.

இரண்டாவது ஞாயிறு, உப்புத்தாளும் பெயின்ட்டும். ராடையும் அதன் மேலிருக்கும் கப்பையும் கழற்றினேன். கப்பின் உள்பக்கத்தைத் துடைத்தபோது ஏதோ கிறுக்கல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அப்பாவின் கையெழுத்து! பென்சிலில், பொடிப்பொடியாக, வளைவைச் சுற்றிப் பதினோரு வரிகள். முதல் வரி இது:

13.4.79 – கிரீஸ். நட். பின்.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளார்க்காக இருந்தவர். எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டார். சித்திரை பிறப்பதற்கு முந்தின நாள் ஃபேனைத் துடைப்பது அவர் வழக்கம். சில வருஷங்களுக்கு ஒருமுறை முழுசாக இறக்கி சர்வீஸ் செய்வார். செய்த தேதிகள்தான் அவை. கடைசி வரி 2011. எல்லா வரியும் ஒரே மாதிரி முடிந்தது. 'பின்.'

எனக்கு ஏக சந்தோஷம். எல்.ஐ.சி. பிரீமியத்தை ஒருநாள்கூடத் தள்ளிப் போடாத மனிதர், ஏதோ ஒரு வேலையை மட்டும் 'பின்னர் பார்த்துக்கொள்ளலாம்' என்று முப்பது வருஷமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்! அப்பாவும் நம்ம ஆள்தான் என்று சிரித்துக்கொண்டேன். அந்தக் கப்பின் உள்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, மாட்டும் நாள். சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டேன். வாட்ச்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஏறினேன், மாட்டினேன், இறங்கினேன். சுவிட்சைப் போட்டேன்.

ஒன்றாம் நம்பர், அழகு. இரண்டு, அமைதி. மூன்றில் லேசாகத் தலையை ஆட்டியது. ஐந்தில் சாமி வந்துவிட்டது! வாட்ச்மேன் வாசல் பக்கம் நகர்ந்தார்.

பாய்க்கு போன் போட்டேன். "இறக்கையைக் கழட்டும்போது ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சாக்பீஸ்ல எழுதி வெச்சீங்களா?" என்றார். எழுதவில்லை. எது எந்தக் கையில் இருந்ததோ, அதே கையில்தான் போக வேண்டுமாம். ஐம்பது வருஷம் சேர்ந்து சுற்றியவர்கள், ஆளுக்கொரு வளைவு பழகியிருக்கும்.

ஆடுகிற ஃபேனைச் சரிசெய்ய மூன்று அளவு பார்க்க வேண்டும். நீங்களும் செய்யலாம், மெயினை ஆஃப் செய்துவிட்டு. முதலாவது, சீலிங்கிலிருந்து ஒவ்வொரு இறக்கையின் நுனிக்கும் உள்ள தூரம். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு ஓர் இறக்கை முக்கால் இன்ச் தொங்கியது. லாரியில் வந்தபோது அதன் கை வளைந்திருக்கிறது. மெல்லிய வாஷரை அடியில் கொடுத்து நிமிர்த்தினேன். இரண்டாவது, நுனிக்கும் நுனிக்கும் உள்ள இடைவெளி. 48 இன்ச் ஃபேன் என்றால் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நான் முழித்தபோது, ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள், "சமபக்க முக்கோணம்ப்பா. 24-ஐ ரூட் மூணால பெருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். 41½ இன்ச் சொச்சம். டேப் வைத்துப் பார்த்தேன், சரியாக வந்தது. பள்ளிக்கூடத்தில் ரூட் மூணு எதற்கு என்று கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்துப் பதில்!

மூன்றாவது, எடை. இறக்கைகளைக் கழற்றி, மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசில் வைத்தேன். ஒன்று மற்ற இரண்டைவிட 14 கிராம் குறைவு. என் பெயின்ட் புலமை அப்படி. திரும்ப மாட்டி, அதன் மேல்பக்கம் ஒரு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக டேப் போட்டு ஒட்டி, ஓட்டி, நிறுத்தி, இடம் மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இப்படி ஒரு தப்பை இன்னொன்றால் சரிக்கட்டுவதற்கு எங்கள் பாடத்தில் ஈடுசெய் பிழை என்று பெயர். கணக்கில் அது குற்றம். ஃபேனில் அதுதான் வைத்தியம். நான்கு ரூபாயில் ஆட்டம் நின்றது. ஐந்தாம் நம்பரில்கூடக் கண்ணாடி மாதிரி ஓடியது. ட்ரையல் பேலன்ஸ் டேலி!

அம்மா வந்தாள். மூன்றாம் நம்பரில் வைத்தேன். 'ம்ம்ம்ம்' என்று அந்தப் பழைய சத்தம். கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பாராட்டெல்லாம் கிடையாது. "மத்தியானம் சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அன்று பத்து மணிக்குப் படுத்தவள், காலை ஆறு மணிக்குத்தான் எழுந்தாள்.

கணக்குப் பார்த்தால் நான் செய்தது வடிகட்டின முட்டாள்தனம். செலவு 2,350 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு புது ஃபேனே வரும். இந்தக் கிழம் சுமார் 80 வாட் இழுக்கிறது. இன்றைய பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் போதும். ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 48 யூனிட்டுக்கும் 18 யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஹாலுக்கும் என் ரூமுக்கும் நான் பழைய ஃபேன் மாட்ட மாட்டேன். ஆனால், அந்த முப்பது யூனிட்டுக்கு அம்மா தூங்குகிறாள். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் பாடத்தில் இல்லை.

ஆபீஸில் பத்து நாள் என் பேச்சு இதுதான். கேன்டீனில் என்னைப் பார்த்தாலே டீயை வேகமாகக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பதினோராவது நாள், ராத்திரி பத்தே முக்கால். பெயின்ட் கறைபட்ட என் பழைய சட்டை துணிக்கூடையின் அடியில் கிடந்திருக்கிறது. வாஷிங் மெஷினில் போடுவதற்கு முன் பாக்கெட்டைத் துழாவிய மனைவி, எதையோ விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"இது யாரோட கொண்டை ஊசி?"

கொண்டை ஊசி மாதிரியேதான் இருந்தது. இரண்டாக மடிந்த, துருப்பிடித்த ஒரு கம்பி. "ஐயோ தாயே, இது ஃபேன்ல இருந்ததுடி! ராடைக் கழட்டும்போது தொலைஞ்சுடக் கூடாதேன்னு பத்திரமா பாக்கெட்ல..." என்று சிரித்துக்கொண்டே சொன்னவன், பாதியில் நின்றேன்.

ராடையும் ஃபேனையும் இணைப்பது குறுக்கே போகும் ஒரே ஒரு போல்ட். அதன் முனையில் ஒரு நட். ஃபேன் ஓட ஓட, அதிர்வில் நட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும். அது கழன்று விழாதபடி போல்ட்டின் ஓட்டைக்குள் நுழைந்து, இரண்டு காலையும் விரித்துக்கொண்டு காவல் நிற்பதுதான் இந்தக் கம்பி. அது பதினோரு நாளாக என் பாக்கெட்டில் இருக்கிறது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். சுற்றுவது நிற்கிறவரைக்கும் அம்மாவை ஒரு கையால் கட்டிலைவிட்டு இழுத்துக்கொண்டே நின்றேன். "எந்திரிம்மா, எந்திரிம்மா." ஏணியைப் போட்டு ஏறினேன். மேல் கொக்கியில் பின்னும் நட்டும் சரியாக இருந்தன. கீழே, நட் பாதிக்கு மேல் கழன்றுவிட்டிருந்தது. இன்னும் இரண்டு மூன்று சுற்றுதான் பாக்கி. விரலாலேயே திருக முடிந்தது.

நிமிஷத்துக்கு 350 சுற்று என்றால், 48 இன்ச் ஃபேனின் இறக்கை நுனி மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இதை அன்று ராத்திரி ஒரு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. தூக்கம் வரவில்லை.

ட்ரையல் பேலன்ஸ் பற்றிக் கல்லூரியில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று நினைக்காதே. தப்பாக எழுதியது சில நேரம் காட்டிக் கொடுக்கும். ஒன்றை எழுதாமலேயே விட்டுவிட்டால், இரண்டு பக்கமும் சமமாகத்தான் நிற்கும். விடுபிழை என்று பெயர். பரீட்சையில் அதற்கு ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். முக்கால் இன்ச், 14 கிராம் என்று பிடித்துப் பிடித்து அளந்தவன், ஒரு கம்பியை விட்டுவிட்டேன். ஃபேனும் ஆடாமல் அசையாமல் ஓடியது. ஆடியிருந்தால் பார்த்திருப்பேன்.

ஹாலில் உட்கார்ந்திருந்த அம்மா, டேபிள் மேல் கிடந்த கம்பியைக் கையில் எடுத்தாள்.

"இது அந்த பின்தானே?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாமயா? அப்பா ஏணில ஏறுறதுக்கு முன்னாடி புதுப் பின்னை என் கையிலதான் குடுப்பாரு. நான் கீழ நிப்பேன். எல்லாம் முடுக்கிட்டு கடைசில 'பின்'னு கையை நீட்டுவாரு. குடுப்பேன். என் கை காலியாகாம கீழ இறங்க மாட்டாரு. ஒரு தடவை குக்கர் விசில் அடிக்குது, அப்பகூட என்னைப் போக விடலையே!"

கிரீஸ். நட். பின்.

அப்பா எதையும் தள்ளிப் போடவில்லை. நான்தான் படிக்கத் தெரியாமல் சிரித்திருக்கிறேன்.

காலையில் பாய் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அது என் தப்பும்தான் சார், உங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். பழைய பின்னை வாங்கித் தூக்கிப் போட்டார். ஒருமுறை விரித்து மடக்கியதை மறுபடி போடக் கூடாதாம், உடைந்துவிடுமாம். புதுசாக இரண்டு கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மெயினை அணைத்தேன். அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பவில்லை. ஏணிக்குக் கீழே நிறுத்தினேன். நட்டை ஸ்பேனரால் முடுக்கினேன். கையை நீட்டினேன்.

"பின்."

கொடுத்தாள். செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கினேன். "விரிச்சுட்டியா? நல்லா விரிச்சியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். கப்பை ஏற்றி மூடுவதற்கு முன் பென்சிலை வாங்கி, பன்னிரண்டாவது வரியை எழுதினேன். அன்றைய தேதி, அப்புறம் அதே மூன்று வார்த்தை.

"ராத்திரி இதுக்குக் கீழ படுக்க பயமா இருக்காதாம்மா?" என்றேன்.

"நான்தானே குடுத்தேன்" என்றாள்.

உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இந்த வாரம் ஒருநாள் மெயினை அணைத்துவிட்டு ஏணி போட்டு ஏறுங்கள். கொக்கியில் உள்ள ரப்பர் வெடித்திருக்கிறதா, மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பின்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே போடுங்கள், அல்லது தெரிந்தவரைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். விலை இரண்டு மூன்று ரூபாய். தனியாக மட்டும் ஏறாதீர்கள். ஏணியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அதைவிட முக்கியம், கீழே பின்னைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க ஒருவர்.

இறங்கியதும் உங்கள் பாக்கெட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.